பால்பண்ணை ரோட்டின் வால்

கொஞ்சம் கிட்டே வாருங்கள் கண்ணுகளா. காலை நீட்டி வசதியாக உட்காருங்கள். இன்றைக்குச் சொல்லப் போகிற கதையில் ராஜாவும் இல்லை, ராட்சசனும் இல்லை. நாலு ரோடு கூடுகிற ஒரு முக்கு, அதில் போகிற வண்டிகள், வெட்கத்தில் கூனிப் போன ஒரு பெண், அவ்வளவுதான். கதை முடிகிற வரைக்கும் அவளைத் திட்டாதீர்கள். அந்த வேலையை அவளே தனக்குக் குறைவில்லாமல் செய்துகொண்டாள்.

ஊர்ப் போக்குவரத்து அலுவலகத்தில் மூன்றாம் மாடியில் அவளுக்கு வேலை. ஜன்னல் ஓரம் மேசை, இரண்டு கம்ப்யூட்டர் திரை, சுவரில் ஊர் வரைபடம். ரோடுகளைக் கணக்காக மாற்றுவதுதான் அவள் தொழில். எந்த முக்கில் எத்தனை வண்டி வரும், சிக்னலில் பச்சை எத்தனை நொடி எரிந்தால் வரிசை கலையும், ஒரு வழியை அடைத்தால் கூட்டம் எந்த வழியில் போய் முட்டும் என்றெல்லாம் திரையிலேயே ஓட்டிப் பார்த்துச் சொல்வாள். அதற்கு ‘மாடல்’ என்று பெயர். அதனால் அலுவலகம் முழுக்க அவளுக்கு ‘மாடலக்கா’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. அவள் கணவர் தையல்காரர். கடைக்கு வருகிறவர்களிடம், “என் பொண்டாட்டி மாடல், தெரியுமில்ல?” என்று சொல்லிவிட்டு, அவர்கள் முழிப்பதைப் பார்த்துச் சிரிப்பார்.

கணக்குக்கு எண் வேண்டுமே, அதைக் கொண்டுவருகிறவர் கிளிக் அண்ணன். ஐம்பத்தேழு வயது, ஒல்லியான உடம்பு. மடக்கு நாற்காலியில் முக்கோரம் உட்கார்ந்து, மடியில் ஒரு பலகை வைத்திருப்பார். அதில் நாலு பொத்தான்: கார், பஸ், லாரி, இருசக்கரம். வண்டி கோட்டைத் தாண்டினால் ஒரு கிளிக். கால் மணிக்கு ஒரு தடவை எண்களைத் தாளில் எழுதிவிட்டு மறுபடியும் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிப்பார். இருபத்தாறு வருஷமாக இதே வேலை. அவரோடு பேசிக்கொண்டே நடந்தால் தெருவில் போகிற வண்டிக்கெல்லாம் அவர் கட்டைவிரல் தானாகத் துடிக்கும்.

அந்த ஊரில் பால்பண்ணை ரோடு என்று ஒன்று. காலையில் வேலைக்குப் போகிறவர்களும் பால் வண்டிகளும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அந்த வழியாகத்தான் நாலு ரோட்டு முக்குக்கு வந்து சேருவார்கள். முக்குக்குப் புதிய சிக்னல் திட்டம் போடும்படி உத்தரவு வந்தது. கிளிக் அண்ணன் மூன்று நாள் உட்கார்ந்து எண்ணிக் கொடுத்தார். அலுவலகத்தில் ஒரு பெண் அந்த எண்களை கம்ப்யூட்டரில் ஏற்றினாள். மாடலக்கா திரையில் பார்த்தாள்.

ஏழரை மணிக்கு நூற்று நாற்பத்தெட்டு. ஏழே முக்காலுக்கு நூற்று இருபத்தொன்று. எட்டு மணிக்குத் தொண்ணூற்றாறு. எட்டே காலுக்கு எண்பத்தெட்டு.

எண் இறங்கிக்கொண்டே போகிறது. ‘பால்பண்ணை ரோட்டில் வசிப்பவர்கள் காலையில் சீக்கிரமே கிளம்பிவிடுகிறார்கள், ஏழே முக்காலுக்குப் பிறகு தேவை குறைகிறது’ என்று அறிக்கையில் எழுதினாள். அந்த ரோட்டின் பச்சையை நாற்பது நொடியிலிருந்து இருபத்திரண்டாகக் குறைத்து, மிச்சத்தை மற்ற ரோடுகளுக்குப் பிரித்துக் கொடுத்தாள். திட்டம் பார்க்க அழகாக இருந்தது.

முக்கில் போட்டார்கள். மூன்று வாரம் பால்பண்ணை ரோடு நரகமாகிப் போனது. வண்டிகள் ஒன்றன் பின் ஒன்றாக ஒரு மைல் நீளத்துக்கு நின்றன. பால் புளித்தது. பிள்ளைகள் முதல் பாடம் முடிந்த பிறகு வகுப்புக்குள் நுழைந்தார்கள். பஸ்ஸில் உட்கார்ந்தே ஒருவர் முகச்சவரம் செய்துகொண்டார் என்று பேச்சு. அலுவலகத் தொலைபேசி ஓயவில்லை.

பிரிவுத் தலைவரை எல்லோரும் பெரியவர் என்பார்கள். அவர் கூட்டம் போட்டார்.

“என்னம்மா இது? திட்டம் உன்னோடது. ஊரே என்னைக் காறித் துப்புது. எங்க தப்பு நடந்துச்சு?”

எல்லோர் பார்வையும் அவள் மேல். காது மடல் சுட்டது. அந்தச் சூட்டில் வாய் முந்திக்கொண்டது.

“கணக்கு சரியாத்தான் சார் இருக்கு. ஏத்தின எண்ணுலதான் ஏதோ கோளாறு இருக்கணும்.”

பெரியவருக்கு அது போதுமானதாக இருந்தது.

“அதானே பார்த்தேன். கண்ணு மங்கிப் போச்சு எண்ணுற மனுஷனுக்கு. இனிமே அவரை முக்குல உட்கார வைக்காதீங்க. கிடங்குல பெயிண்ட் டப்பா கிடக்குது, கூம்பு கிடக்குது, அதை எண்ணட்டும். அதுங்க ஓடாது.”

எல்லோரும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. ஆனால் மறுத்து ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அன்று சாயங்காலமே கிளிக் அண்ணன் நாலு பொத்தான் பலகையை மேசையில் வைத்துவிட்டு, துணியால் ஒரு தடவை துடைத்துவிட்டுக் கிடங்குக்குப் போனார்.

இரண்டு நாள் கழித்து அவள் மூலத் தாள்களைக் கேட்டு வாங்கினாள். எண் தப்பு என்று எழுத்தில் காட்ட வேண்டுமே, அதற்காக. சணல் கட்டி, தூசி படிந்து வந்த கட்டை அவிழ்த்து மேசையில் பரப்பினாள். முதல் தாளைப் புரட்டியதுமே கை நின்றுவிட்டது.

கட்டங்களுக்கு வெளியே, ஓரத்தில், பென்சிலால், எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்து.

‘7.45. பச்சை முடிஞ்சும் 31 வண்டி நிக்குது. வரிசையோட வால் டயர் கடை வரைக்கும்.’

‘8.00. எதிரே பஸ் நிறுத்தத்துல மூணு பஸ் சேர்ந்து நிக்குது. பச்சை விழுந்தும் நகர வழி இல்ல. வால் பள்ளிக்கூட வாசல்.’

‘8.15. வால் கண்ணுக்கு எட்டல.’

அடியில் கோடு போட்டு ஒரு வரி: ‘மேடம் கவனிக்கவும். எண்ணுதான் குறைவு. கூட்டம் குறைவு இல்ல.’

அந்த வரிக்குக் கீழே, ‘பார்த்தேன்’ என்ற இடத்தில், நீல மையில், அவளுடைய கையெழுத்து.

அவளுக்கு உடம்பு ஒரு கணம் ஜில்லிட்டுப் போனது. ஏன் என்று கேளுங்கள். இது ஒன்றும் தெரியாத விஷயமில்லை. ஒரு மண்டபத்துக் கதவின் வழியாக வெளியே வருகிறவர்களை மட்டும் எண்ணினால் என்ன தெரியும்? பத்துப் பேர்தான் வந்தார்கள் என்றால், உள்ளே பத்துப் பேர்தான் இருந்தார்களா, ஆயிரம் பேர் கதவில் நெருக்கிக்கொண்டு நிற்கிறார்களா? எண் ஒன்றுதான். ரோடும் அப்படித்தான். வண்டியே இல்லாவிட்டாலும் ஓட்டம் குறையும், வண்டி நிரம்பி நகர முடியாவிட்டாலும் ஓட்டம் குறையும். இதை மலை போன்ற ஒரு கோடாக வரைந்து, “ஒரே உயரம் மலைக்கு இந்தப் பக்கமும் உண்டு, அந்தப் பக்கமும் உண்டு. எந்தப் பக்கம் நிக்கிறோம்னு பார்க்காம கணக்குல கை வைக்காதீங்க” என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு இருபது வருஷமாகச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தான்.

தாளில் குறிப்பு எழுதத் தனிக் கட்டம் முன்பு இருந்தது. ஏற்றுவதற்கு நேரமாகிறது என்று இரண்டு வருஷத்துக்கு முன்பு அதை எடுத்தவளும் அவள்தான். அப்போது கிளிக் அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றார்.

“குறிப்பு எழுத இடமே இல்லையேம்மா?”

“நீங்க கதை எழுதுறீங்கண்ணே. எனக்கு எண்ணு போதும்.”

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். போனவர் ஓரத்தில் எழுத ஆரம்பித்திருக்கிறார். அவள்தான் ஒரு தடவையும் படிக்கவில்லை.

யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தாள். அந்தத் தாள்களை மட்டும் உருவி மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். நாற்பத்தொன்பது வயதில், திருடியைப் போல, பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

வீட்டில் தையல்காரர் சட்டைக்குக் காஜா போட்டுக்கொண்டிருந்தார்.

“என்ன, எந்த ரோடு இன்னைக்கு வீடு வரைக்கும் கூடவே வந்திருக்கு?” என்றார்.

அவள் தாளை எடுத்து அவர் மடியில் போட்டாள். அவருக்குக் கணக்குத் தெரியாது, ஆனால் எழுத்துத் தெரியுமே. ஓரத்து எழுத்தைக் கண்ணருகே வைத்துப் படித்தார். கடைசியில் அவள் கையெழுத்துக்கு வந்ததும் ஊசியைத் துணியில் குத்தி வைத்தார்.

“அவர்கிட்டச் சொன்னியா?”

“இல்லங்க.”

“பெரியவர்கிட்ட?”

“நாளைக்கே பச்சையை மாத்திடுறேன். பஸ் நிறுத்தத்தைக் கொஞ்சம் முன்னாடி தள்ளச் சொல்லிடுறேன். ரோடு சரியாயிடும்.”

“ரோடு சரியாயிடும்” என்றார் அவர். “நான் அவரைப் பத்திக் கேட்டேன்.”

அவள் முகம் கழுவப் போனாள். கழுவினாள், கழுவினாள், முகம் எரிகிற வரைக்கும் கழுவினாள்.

மறுநாள் முதல் வேலையாக சிக்னல் அறைக்குப் போய்ப் பச்சையை நாற்பத்தாறு நொடி ஆக்கினாள். பஸ் நிறுத்தத்தை அறுபதடி முன்னே தள்ளச் சொன்னாள். அதற்கு அடுத்த நாள் பால்பண்ணை ரோடு தடங்கலில்லாமல் ஓடியது. ஓரத்தில் பென்சிலில் இருந்ததைத்தான் செய்தாள் என்று யாருக்குத் தெரியும்? வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பெரியவர் எழுந்து நின்று கை தட்டினார்.

“எண்ணினவர் சொதப்பினதை நம்ம அக்கா ரெண்டே நாள்ல கண்டுபிடிச்சு நிமிர்த்திட்டாங்க. பாராட்டுக் கடிதம் தயாராகுது.”

இதைத்தான் அவள் நினைத்துப் பார்க்கவில்லை. ரோடு சரியானதால் கிளிக் அண்ணன் குற்றம் உறுதியாகிவிட்டது. இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள்.

“எல்லாரும் சேர்ந்து செஞ்சதுதான் சார்” என்றது வாய்.

உட்கார்ந்தபோது நாற்காலி அவளைத் தாங்குகிறதே என்று ஆச்சரியமாக இருந்தது.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஏறவில்லை. கிளிக் அண்ணன் வீடு பால்பண்ணை ரோட்டில்தான். வீட்டில் வைத்துத் தனியாகச் சொல்லிவிடலாம், மன்னிப்புக் கேட்டுவிடலாம், வெளியே தெரிய வேண்டாம் என்று ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு அந்த வழி பஸ்ஸில் பின்பக்கமாக ஏறினாள். நிற்க இடமில்லாத கூட்டம். மூன்று வரிசைக்கு முன்னால் அவர் உட்கார்ந்திருந்தார். மடியில் சாப்பாட்டுப் பை, முழங்கையில் மஞ்சள் பெயிண்ட் கறை.

அலுவலகப் பேச்சு அதற்குள் தெரு வரைக்கும் வந்திருந்தது. கண்டக்டர் அவர் பக்கம் வந்ததும் குரலை உயர்த்தினார்.

“வாங்கண்ணே, பஸ்ல இன்னைக்கு எத்தனை பேரு? சும்மா சொல்லுங்க, பாதியைத்தானே சொல்லப் போறீங்க.”

பக்கத்தில் நின்ற பெண் சேர்ந்துகொண்டாள். “விடுங்க. அவர் எண்ணின லட்சணத்துல மூணு வாரம் என் பசங்க பள்ளிக்கூட வாசல்ல முட்டி போட்டதுதான் மிச்சம்.”

“கண்ணாடியை மாத்துங்க பெரியப்பா!” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

கிளிக் அண்ணன் எல்லோருக்கும் பொதுவாக ஒரு சிரிப்புச் சிரித்தார். வருஷக்கணக்காக ஒரே தெருவில் குடியிருக்கிறவர், வேறு என்ன செய்வார்? தலையைத் திருப்பி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். மடியிலிருந்த கட்டைவிரல் அசையாமல் கிடந்தது.

அவள் கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னே போனாள். அவளைப் பார்த்ததும் அவர் பதறி எழுந்தார்.

“மேடம், நீங்க எங்க இந்தப் பக்கம்? உட்காருங்கம்மா.”

“உட்காருங்கண்ணே.” அவள் குனிந்து மெதுவாகக் கேட்டாள். “நீங்க எழுதி வெச்சிருந்தீங்க. வால் எது வரைக்கும் நின்னுச்சுன்னு ஒண்ணு விடாம எழுதியிருந்தீங்க. ஏண்ணே யார்கிட்டயும் சொல்லல?”

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

“எழுதியிருந்தேனா?”

“எழுதியிருந்தீங்க.”

“நெசமாவா? எழுதினதாத்தான் எனக்கும் ஞாபகம். ஆனா நீங்க கையெழுத்துப் போட்டிருந்தீங்களேம்மா. படிக்காமயா போட்டிருப்பீங்க? அப்புறம் எண்ணு தப்புன்னு நீங்களே சொன்னதா கேள்விப்பட்டேன். அப்போ நான்தான் எழுதாம விட்டிருக்கேன், மனசுல எழுதினதைத் தாள்ல எழுதினதா நெனச்சுக்கிட்டேன்னு...” குரலைத் தாழ்த்தினார். “தினமும் காலையில ஒரு மணி நேரம் முன்னாடியே கிளம்பி முக்குல போய் நிக்கிறேன்மா. வீட்டுல சொல்லல. எண்ணிப் பார்க்கிறேன். சரியாத்தான் வர்ற மாதிரி இருக்கு. ஆனா சரின்னு சொல்ல யாரு இருக்கா?”

அவள் அந்த மனிதரின் பேரைத்தான் கெடுத்தோம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தாள். அவருடைய கண்களையே அவரிடமிருந்து பிடுங்கியிருக்கிறோம் என்பது அப்போதுதான் தெரிந்தது. வீட்டில் தனியாக, வெளியே தெரியாமல் என்று போட்ட கணக்கை அந்த இடத்திலேயே அழித்தாள்.

நிமிர்ந்தாள். மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

“இங்க பாருங்க” என்றாள். யாருக்கும் கேட்கவில்லை. மறுபடியும் சொன்னாள். இந்தத் தடவை கத்தல் போல வந்தது. “இங்க பாருங்க! இவர் எண்ணினது சரி. ஒரு வண்டி விடாம எண்ணினாரு. ரோடு நிக்குதுன்னு எழுதியும் கொடுத்தாரு. படிக்காம கையெழுத்துப் போட்டவ நான். பச்சையைக் குறைச்சவ நான். பழியை இவர் மேல போட்டவளும் நான்தான்.”

பள்ளிக்கூடப் பிள்ளைகளின் தாய் அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

“அப்ப இத்தனை நாளா நாங்க யாரைத் திட்டிக்கிட்டிருந்தோம்?”

“ஆளு மாறிப் போச்சு” என்றார் கண்டக்டர். “இனிமே இங்க பார்த்துத் திட்டுங்க.”

யாரும் சிரிக்கவில்லை. அவளுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. எத்தனையோ ஜோடிக் கண்கள் அவள் மேல் ஊர்ந்தன. கிளிக் அண்ணன் மட்டும் தன் பையைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னார்.

“கம்பியைக் கெட்டியாப் பிடிச்சுக்குங்கம்மா. டயர் கடைகிட்ட பஸ் ஒடிச்சுத் திரும்பும்.”

திங்கட்கிழமை தாள்களைப் பெரியவர் மேசையில் வைத்தாள். நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதியும் கொடுத்தாள். அவர் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“ரோடுதான் சரியாயிடுச்சே. இதை எதுக்கும்மா இப்ப கிளறிக்கிட்டு? உன் பேருதான் நாறும்.”

“நாறட்டும் சார். அவர் பேரு இத்தனை நாளா நாறுது.”

சொல்லும்போது அவள் குரல் ஒன்றும் கம்பீரமாக இல்லை. கிழிந்த துணி போல இருந்தது. பாராட்டுக் கடிதம் குப்பைக்குப் போனது. ஒரு வருஷத்துக்கு அவள் போடுகிற திட்டத்தை எல்லாம் இன்னொருவர் சரிபார்த்த பிறகுதான் முக்குக்கு அனுப்ப வேண்டும் என்று உத்தரவு வந்தது. எண்களை ஏற்றுகிற பெண் அன்று முழுக்க அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணும் ஓரத்து எழுத்தைப் பார்த்துவிட்டு, கட்டம் இல்லையே என்று விட்டவள்தானே. ஆனால் மாடலக்கா அதை யாரிடமும் சொல்லவில்லை. ஒரு தடவை அடுத்தவர் மேல் போட்டது போதாதா?

கிளிக் அண்ணனைத் திரும்ப முக்குக்கு வரச் சொல்லிப் பலகையை அவளே கொண்டு போய்க் கிடங்கில் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார்.

“கோபமில்லம்மா” என்றார். “ஆனா உடனே உட்கார முடியாது. இந்தக் கண்ணை நான் இன்னும் முழுசா நம்பல. இன்னும் ரெண்டு நாள் தனியா எண்ணிப் பார்த்துட்டு வர்றேன்.”

“தனியா எதுக்குண்ணே?” என்றாள் அவள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நாலு ரோட்டு முக்கில் இரண்டு மடக்கு நாற்காலி கிடந்தன. இரண்டு மடியில் இரண்டு பலகை. பால்பண்ணை ரோட்டுக்காரர்கள் வண்டியை மெதுவாக்கி அவளைப் பார்த்துவிட்டுப் போனார்கள். சிலர் வேண்டுமென்றே ஹாரன் அடித்தார்கள். கன்னம் காந்தியது. கண்ணைக் கோட்டிலிருந்து எடுக்காமல் எண்ணினாள். கார், கார், இருசக்கரம், லாரி, இருசக்கரம். எவ்வளவு வேகமாக வருகின்றன இவை! திரையில் இருபது வருஷம் ஓட்டியவளுக்கு ஐந்தாம் நிமிஷமே விரல் வலித்தது. பக்கத்தில் அவர் கிளிக் சத்தம் மழை போலச் சீராக விழுந்தது.

கால் மணி ஆனது. அவர் தன் பலகையை மறைத்துக்கொண்டு, “முதல்ல நீங்க சொல்லுங்க” என்றார்.

“இருநூற்று ஒன்பது.”

அவர் தன் பலகையைப் பார்த்தார். பிறகு அவளை.

“இருநூற்றுப் பன்னிரண்டு.”

“அப்போ நான்தான் மூணை விட்டுட்டேன் அண்ணே” என்றாள் அவள்.

“பால் லாரி போச்சு பாருங்க, பச்சை பெயிண்ட் அடிச்சது. அதுக்கு அந்தாண்ட மறைஞ்சு மூணு மோட்டார் சைக்கிள் போச்சு. உட்கார்ந்திருக்கிறவங்களுக்குத் தெரியாது. கொஞ்சம் எக்கிப் பார்க்கணும்.” சொல்லச் சொல்ல அவர் குரல் பழைய குரலானது. “அதெல்லாம் கண்ணு பழகணும்மா.”

அவர் பொத்தான்களைப் பூஜ்யத்துக்குத் திருப்பினார். அடுத்த வண்டி கோட்டைத் தாண்டியது. கட்டைவிரல் அசைந்தது.

அவள் தன் நாற்காலியை மடக்கவில்லை. இன்னும் ஒரு கால் மணி உட்கார்ந்தாள். அந்தத் தடவையும் ஐந்தை விட்டாள். விட்டதை உரக்கச் சொன்னாள். பிறகு எழுந்து, ஹாரன்களுக்கு நடுவே, தலை குனிந்தபடியே அலுவலகத்துக்கு நடந்தாள். அந்த வெட்கம் அவளை விட்டு முழுக்கப் போனதா என்று கேட்காதீர்கள் கண்ணுகளா. ஒரு தாளில் கையெழுத்துப் போடுகிற ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வந்துதான் போயிற்று.

சரி, எழுந்திருங்கள், நேரமாகிறது. உங்கள் வீட்டிலிருந்து காலையில் கிளம்புகிற ஒவ்வொருவரும் தடங்கலில்லாமல் போய், முகம் வாடாமல் திரும்பி வரட்டும். உங்கள் வீட்டு உழைப்பைக் காணாமல் கடந்து போகிற கண்ணும் வேண்டாம், பிறர் உழைப்பைக் காணாமல் விடுகிற கண்ணும் உங்கள் வீட்டில் வேண்டாம். எல்லோரும் நிறைவாக, நிம்மதியாக இருங்கள்.